நிற்கும் காருக்குப் பத்து நிமிட ஸ்ராட் போதாது

கேள்வி: என்னிடம் 1990களின் மாஸ்டா ரோட்ஸ்டர் ஒன்று உள்ளது. நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் வெளிநாட்டு உறவினர் வரும்போதும்தான் ஓடும். கிழமைக்கொருமுறை பத்து நிமிடம் ஸ்ராட் செய்து வைக்கிறேன். ஆனாலும் பற்றரி இறங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் பத்து நிமிட ஸ்ராட்டை நிறுத்துங்கள். எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது ஓல்ரனேற்றர் (எஞ்சினால் சுழன்று பற்றரியைச் சார்ஜ் செய்யும் கருவி) குறைந்த மின்னோட்டமே தரும். பற்றரியின் கடைசிப் பங்கு நிரம்பப் பல மணி நேரம் பிடிக்கும். பத்து நிமிடத்தில் எஞ்சின் முழுச் சூட்டுக்கும் வராது. எரிபொருள் எரிந்து உண்டாகும் நீர் ஒயிலிலும் சைலன்சரிலும் தங்கித் துருப்பிடிக்க வைக்கும். மாதமொருமுறை பருத்தித்துறை வரை போய் வந்தால் அது காருக்கு நல்லது. பற்றரியை நிரப்ப அதுவும் போதாது.

இந்தக் காரின் பற்றரி சிறியது, சுமார் 30 அம்பியர்மணி (ஒரு அம்பியரை ஒரு மணி நேரம் தரும் அளவே ஒரு அம்பியர்மணி). அலாரமும் புது ரேடியோவும் சேர்ந்து 50 மில்லி அம்பியர் எடுத்தால் நாளொன்றுக்கு 1.2 அம்பியர்மணி போகும். பன்னிரண்டு, பதின்மூன்று நாளில் பாதி காலி. நம் வெக்கையில் பற்றரி தானாக இறங்கும் வேகமும் கூடுதல். இறங்கிய நிலையில் விட்டுவிட்டால் தகடுகளில் ஈய சல்பேற் கெட்டிப்பட்டுப் பிறகு சார்ஜ் ஏறாது. நிற்கும் கார்களின் பற்றரிகளைப் பெரும்பாலும் கெடுப்பது இதுதான்.

சரியான வழி, நிரம்பியதும் தானாகக் குறைந்து 13.2 முதல் 13.6 வோல்ற்றில் நிற்கும் ஸ்மார்ட் சார்ஜர். 1 அல்லது 2 அம்பியர் தாராளம். பழைய கராஜ் சார்ஜரை நாட்கணக்கில் மாட்டி விடாதீர்கள், பற்றரி கொதித்துவிடும். சிவப்பு கிளிப்பை பொசிற்றிவ் ரெமினலில் மாட்டியபின் கறுப்பை பற்றரிக்குத் தள்ளியுள்ள கார் பொடியின் (உடற்பகுதியின்) வெறும் இரும்பில் மாட்டுங்கள். சுவர்ப் பிளக்கை கடைசியில் போடுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு சில சார்ஜர்கள் தாமாகத் திரும்ப ஓடாது; வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாரியில் இடி இடித்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: ரோட்ஸ்டரின் பற்றரி டிக்கிக்குள் இருக்கிறது. அதற்கென்று வந்தது மூடிய ஏஜிஎம் வகை (அமிலம் கண்ணாடி நார்ப் பாயில் ஊறியிருக்கும்). வாயுவை வெளியே விடும் சிறு குழாயும் உண்டு. யாராவது சாதாரணப் பற்றரி மாற்றியிருந்தால் அமில ஆவி டிக்கித் தகட்டை அரிக்கும், ஹைட்ரஜனும் சேரும். சரியான வகையைப் போட்டு, சார்ஜரிலும் ஏஜிஎம் நிலையையே தெரிவு செய்யுங்கள். (நீர் ஊற்றும் பற்றரி உள்ள வேறு கார் வைத்திருப்போர் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். நம் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம்.)

சார்ஜருக்கு வசதியில்லை என்றால் 10 மில்லிமீற்றர் ஸ்பானரால் நெகற்றிவ் கேபிளைக் கழற்றி வையுங்கள். எப்போதும் நெகற்றிவ்தான் முதலில்: பொசிற்றிவைக் கழற்றும்போது ஸ்பானர் பொடியில் பட்டாலும் பொறி பறக்காது. ரெமினலில் வெள்ளை, பச்சைத் தூள் படிந்திருந்தால் அப்பச்சோடா கரைத்த சுடுநீரால் கழுவி, துடைத்து, வாசலின் பூசுங்கள்.

எல்லாம் செய்த பிறகும் சந்தேகமிருந்தால் முழுதாகச் சார்ஜ் செய்து, கேபிளைக் கழற்றி, 12 மணி நேரம் விட்டு மல்ரிமீற்றரால் அளவுங்கள். 12.6 வோல்ற்றுக்கு மேல் என்றால் நல்ல பற்றரி. 12.4க்குக் கீழே விழுந்தால் மாற்றுங்கள். எந்தச் சார்ஜரும் அதை மீட்காது.