சத்தமில்லாத டேப்பெட்தான் ஆபத்து: பழைய பைக் கேள்வி பதில்

இந்த முறை கார்புரேட்டர் காலத்து வண்டிகளை வீட்டிலேயே பராமரிப்பவர்களின் கேள்விகள்.

கேள்வி: ஒன்றரை வருடம் ஓட்டாமல் நின்ற 100 சிசி பைக். பேட்டரியை மாற்றி, புது பெட்ரோல் ஊற்றினேன். சோக் இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை விட்டதும் நின்றுவிடுகிறது. ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பிடித்தால் ஓடுகிறது. கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளும் பைலட் ஜெட்டைத்தான் கைகாட்டுகின்றன. ஐட்லிங்கிலும், ஆக்ஸிலேட்டரை லேசாகத் திறக்கும்போதும் இன்ஜினுக்குப் பெட்ரோல் தருவது இந்தச் சின்னப் பித்தளைக் குழாய். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தேங்கி நின்ற பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிவிட, மிச்சம் பிசினாகி அந்தத் துளையை அடைத்துக்கொள்கிறது. சோக் போட்டால் கலவையில் பெட்ரோல் கூடுவதால் குறை மறைகிறது. ஆக்ஸிலேட்டரைத் திறந்தால் மெயின் ஜெட் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. இரண்டும் இல்லாதபோது இன்ஜின் பட்டினி.

முதலில் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரின் அடியில் உள்ள வடி திருகைத் தளர்த்தி, வரும் பெட்ரோலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பிடியுங்கள். அடியில் குமிழ் குமிழாகத் தண்ணீர் உருண்டாலோ, பழுப்புத் தூள் படிந்தாலோ, டேங்கைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரைத் தொடுவதில் பயனில்லை. ஒரு வாரத்தில் மறுபடி அடைத்துக்கொள்ளும்.

கார்புரேட்டரைக் கழற்றி, அடிக்கிண்ணத்தின் திருகுகளை எடுங்கள். நடுவில் துருத்திக்கொண்டு நிற்பது மெயின் ஜெட். அதன் பக்கத்தில் ஆழமான குழிக்குள் இருப்பது பைலட் ஜெட். அதன் பள்ளத்தின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி இல்லாவிட்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். பித்தளை மெத்தென்றது, பள்ளம் உடைந்தால் ஜெட்டை வெளியே எடுப்பதே தனி வேலையாகிவிடும். எடுத்த ஜெட்டில் கார்புரேட்டர் கிளீனரை அடித்து, 15 நிமிடம் ஊறவிட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளை வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மின்வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி அதை நுழையுங்கள். ஊசியோ இரும்புக் கம்பியோ கூடாது. அவை துளையை அகலமாக்கிவிடும், அதன் பிறகு கலவையை எவ்வளவு திருகினாலும் சரிவராது.

பலர் ஜெட்டோடு நின்றுவிடுகிறார்கள். அது உட்காரும் குழியிலிருந்து த்ராட்டில் பக்கம் போகும் வழியும் அடைத்திருக்கும். ஸ்பிரேயின் குழாயை அந்தக் குழிக்குள் வைத்து அடித்தால், த்ராட்டிலுக்குப் பக்கத்திலுள்ள மிகச் சிறிய துளையில் பீய்ச்ச வேண்டும். அடிக்கும் முன் ரப்பர் வளையங்களைக் கழற்றிவிடுங்கள், கிளீனர் பட்டால் உப்பிவிடும். கண்ணாடி அணிவது கட்டாயம். எந்தத் துளையிலிருந்து திரும்பி முகத்தில் அடிக்கும் என்று முன்கூட்டித் தெரியாது.

கலவைத் திருகைக் கழற்றும் முன், அதை மென்மையாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தி முட்டவிட்டால் கூர்முனை நசுங்கும். மாட்டும்போது அதே கணக்கு. கணக்கு தெரியாவிட்டால் முட்டிய இடத்திலிருந்து வெளியே இரண்டு சுற்றில் தொடங்கலாம், பல வண்டிகளுக்குச் சரியான இடம் ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவே வரும். பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கி, ஐட்லிங்கைச் சற்றுக் கூட்டி வைத்து, திருகைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, இன்ஜின் வேகம் உச்சத்துக்கு வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஐட்லிங் திருகால் வேகத்தைக் குறையுங்கள். திருகு இன்ஜின் பக்கம் இருந்தால் பொதுவாக அது பெட்ரோல் திருகு, வெளியே வந்தால் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றுத் திருகு, வெளியே வந்தால் பெட்ரோல் குறையும்.

இவ்வளவுக்கும் பிறகு ஐட்லிங் நிலையாக நிற்கவில்லையா? கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். இன்ஜின் ஓடும்போது அந்த இணைப்பில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஓட்டம் மாறினால் அங்கே காற்றை உறிஞ்சுகிறது.

கேள்வி: டேப்பெட் சத்தம் இருந்தது. இறுக்கித் தந்தார்கள், சத்தம் அடியோடு நின்றது. ஆனால் இப்போது சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, இழுவையும் குறைந்துவிட்டது. தொடர்பு உண்டா?

பதில்: நேரடித் தொடர்பு உண்டு. சரிசெய்யும் வரை வண்டியை ஓட்டாதீர்கள். வால்வை அழுத்தித் திறக்கும் கையான ராக்கருக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி இருந்தாக வேண்டும், டேப்பெட்டை இறுக்குவது என்றால் அதைக் குறைப்பதுதான். சூட்டில் வால்வின் தண்டு நீளும்போது அந்த இடைவெளிதான் அதற்கு இடம் தருகிறது. இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிட்டால், சூடானதும் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் கசியும், அதனால்தான் சூட்டில் ஸ்டார்ட் ஆவதில்லை. அதைவிடப் பெரிய சேதம் எக்ஸாஸ்ட் வால்வுக்கு. சிலிண்டர் ஹெட்டிலுள்ள தன் இருக்கையில் அழுந்தி உட்காரும் நேரத்தில்தான் அது தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்துகிறது. உட்கார முடியாத வால்வின் விளிம்பு கருகிப் போகும். தளர்ந்த டேப்பெட் சத்தம் போட்டுச் சொல்லிவிடுகிறது. இறுகிய டேப்பெட் சத்தமே இல்லாமல் இன்ஜினைக் கெடுக்கிறது.

வேலை கடினமில்லை, ஆனால் இன்ஜின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றினால் இன்ஜினைக் கையால் சுற்றுவது எளிது. மேக்னட் மூடியிலுள்ள இரண்டு அடைப்புகளை எடுத்து, ஓடும் திசையிலேயே கிராங்க்கைச் சுற்றி, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் டி (T) குறியை அடையாளக் கோட்டுக்கு நேரே கொண்டுவாருங்கள். இப்போது இரண்டு ராக்கர்களையும் விரலால் அசைத்துப் பாருங்கள். இரண்டும் லேசாக ஆடினால் சரியான இடம். ஒன்று இறுகி நின்றால், பிஸ்டன் மேலே வந்திருந்தாலும் அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் இல்லை, இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். உங்கள் வண்டியில் டேப்பெட் இறுகியே இருப்பதால் இந்தச் சோதனை ஏமாற்றக்கூடும். அதற்குப் பதிலாக இன்டேக் வால்வைக் கவனியுங்கள். அது அழுந்தி மேலெழுந்த பிறகு அடுத்து வரும் டி குறிதான் உங்களுக்கு வேண்டியது.

காற்றால் குளிரும் சிறிய ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின்களில் இடைவெளி பெரும்பாலும் 0.05 முதல் 0.10 மி.மீ. வரை. இன்டேக்குக்கும் எக்ஸாஸ்டுக்கும் வேறு வேறு அளவு இருக்கலாம், கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு, தடித்த புத்தகத்தின் நடுவிலிருந்து ஒரு தாளை உருவுவதுபோல மெல்லிய பிடிப்போடு வர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே நகரும் என்பதால், இறுக்கிய பிறகு மறுபடி தகடு விட்டுப் பாருங்கள். இன்ஜினை இரண்டு சுற்று சுற்றி இன்னொரு முறையும் பாருங்கள். சரியாக வைத்த பிறகு மெல்லிய டிக் டிக் ஓசை வரும். அது இருக்க வேண்டிய ஓசை.

கேள்வி: 15 கிலோமீட்டர் ஓடியதும் நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் நிறுத்திவிட்டு உதைத்தால் மறுபடி ஓடுகிறது. பிளக்கை இரண்டு முறை மாற்றியாயிற்று.

பதில்: நின்ற அந்த நிமிடத்தில் செய்யும் சோதனைதான் உங்களுக்கு விடை தரும், வீட்டுக்கு வந்து ஆறிய பிறகு எதுவும் தெரியாது. நின்றதும் டேங்க் மூடியைத் திறவுங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஓட்டம் நின்றுபோகிறது. மூடியைக் கழற்றிக் கழுவி, துளையை ஊதிவிட்டால் முடிந்தது.

காற்று இழுக்கவில்லையென்றால் மூடியை மறுபடி இறுக்கமாக மூடிவிட்டு ஸ்பார்க்கைப் பாருங்கள். கையில் உபரி பிளக் ஒன்றை வைத்துக்கொண்டு, வயரை அதில் மாட்டி, அதன் உலோக உடம்பை இன்ஜினின் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்தி வைத்து உதையுங்கள். இன்ஜினில் உள்ள பிளக்கைக் கழற்ற வேண்டாம், திறந்த துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். ஸ்பார்க் இல்லை, ஆறினால் வருகிறது என்றால் சூட்டில் அறுந்துபோகும் ஒரு சுருளைத் தேடுங்கள்: இக்னிஷன் காயில், பிக்கப் காயில் அல்லது மேக்னட்டின் உள்ளே உள்ள சுருள். மல்டிமீட்டரால் ஆறிய நிலையில் ஒரு முறையும், நின்ற உடனே ஒரு முறையும் ஓம் அளவு எடுங்கள். சூட்டில் எண்ணே காட்டாமல் போவதுதான் குற்றவாளி. ஸ்பார்க்குக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பிளாட்டினம் பாயின்ட் உள்ள வண்டியென்றால் கண்டன்சரையும் பாருங்கள். பாயின்ட் முனைகளில் நீலப்பொறி பலமாகப் பறந்து, முனை குழி விழுந்திருந்தால் கண்டன்சர் போய்விட்டது. புதியது மாட்டி, பாயின்ட் இடைவெளியைக் கையேட்டு அளவுக்கு வையுங்கள், பொதுவாக அது 0.35 முதல் 0.40 மி.மீ.

கேள்வி: கிராங்க் மூடித் திருகுகளின் தலை எல்லாம் தேய்ந்துவிட்டது. நல்ல ஸ்டார் திருப்புளிதான் வைத்திருக்கிறேன்.

பதில்: திருப்புளி நல்லதாக இருக்கலாம், வகை வேறு. ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் வருவது ஜே.ஐ.எஸ். எனும் ஜப்பானியத் தரத் திருகு. பார்வைக்கு பிலிப்ஸ் (நீங்கள் சொல்லும் ஸ்டார்) போலவே இருந்தாலும் குழியின் வடிவம் வேறு, அதனால் பிலிப்ஸ் திருப்புளி அடிவரை உட்காராமல் மேலே ஏறி வழுக்கும். தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருந்தால் பெரும்பாலும் ஜே.ஐ.எஸ். அதற்கேற்ற திருப்புளி ஒன்று வாங்கிவிடுங்கள், இந்தத் தொல்லை அதோடு தீரும். இறுகிப்போன திருகுக்குத் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்து, சுத்தியால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவரைப் பயன்படுத்துங்கள். தலை முழுதும் போய்விட்டால் துளையிட்டுத் தலையை மட்டும் எடுத்துவிட்டு, மூடியைக் கழற்றிய பிறகு மிச்சத் தண்டைப் பிளையரால் பிடித்துத் திருகலாம். மூடி அழுத்தம் விலகியதும் அது பெரும்பாலும் எளிதாகவே வரும்.

கேள்வி: செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்று எப்படி அறிவது? தளர்வை இறுக்கிக்கொண்டே இருக்கிறேன்.

பதில்: கண்ணால் முடிவு செய்யாதீர்கள், அளந்து பாருங்கள். சிறிய பைக்குகளில் வரும் 428 செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் 12.7 மி.மீ. செயினை இழுத்துப் பிடித்து 20 இடைவெளிகளை அளந்தால், புதுச் செயினில் 254 மி.மீ. வரும். 259-ஐத் தொட்டால் 2 சதவீதம் நீண்டுவிட்டது, மாற்றிவிடுங்கள். இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

தளர்வை ஓரிடத்தில் மட்டும் பார்க்காமல், சக்கரத்தை மெதுவாகச் சுற்றி மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே 20 முதல் 30 மி.மீ. மேலும் கீழும் ஆடும்படி வையுங்கள். செயின் இணைப்பைப் பிடித்திருக்கும் பூட்டுத் தகட்டின் திறந்த வாய், செயின் ஓடும் திசைக்கு எதிர்ப்புறம் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, 90 நம்பர் கியர் ஆயில் விட்டால் போதும். இன்ஜினை ஓடவிட்டுத் துணியால் செயினைத் துடைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். துணி பல்லில் சிக்கினால் விரலும் கூடவே போகும்.

கேள்வி: காருக்கு வாங்கிய நல்ல ஆயில் மிச்சம் இருக்கிறது. பைக்கில் ஊற்றலாமா?

பதில்: கூடாது. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தகடுகள் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கின்றன. பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்க்கப்படுவதால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் இப்படிப்பட்ட கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயிலைக் காட்டும் தரக்குறியான ஜே.ஏ.எஸ்.ஓ. (JASO) எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: முன் டிரம் பிரேக் பிடிப்பதில்லை. அட்ஜஸ்ட் நட்டு கடைசிவரை போய்விட்டது. டிரம்மின் வெளியே கேபிள் இழுக்கும் பிரேக் கையை ஒரு பல் தள்ளி மாட்டினால் சரியாகும் என்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தேய்ந்த ஷூவோடு கையைத் தள்ளி மாட்டினால், உள்ளே ஷூக்களை விரிக்கும் கேம் அளவுக்கு மீறித் திரும்பி, பிரேக் பிடித்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளலாம். ஓடும்போது முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்தைக் கழற்றி, ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கின் தடிமனை அளவெடுங்கள். 2 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். டிரம்மின் அதிகபட்ச விட்டம் பெரும்பாலும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், அதைத் தாண்டியிருந்தால் புது ஷூவும் சரியாகப் பிடிக்காது. உள்ளே படிந்த தூசியை வாயால் ஊதாமல், ஈரத் துணியால் துடையுங்கள். பழைய ஷூக்களில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கேம் தண்டைத் துடைத்து மிக மெல்லிதாக கிரீஸ் தடவுங்கள், ஒரு சொட்டுகூட லைனிங்கில் படக்கூடாது.

மாட்டும்போது ஒன்று செய்யுங்கள்: அச்சு நட்டை முழுதும் இறுக்கும் முன், பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே நட்டை இறுக்குங்கள். இரண்டு ஷூக்களும் டிரம்மின் நடுவில் சரியாக அமரும், பிடிப்பில் வித்தியாசம் கையிலேயே தெரியும். புது ஷூ முழுதாகப் பதிய 200 கிலோமீட்டராவது ஆகலாம். அதுவரை முன்வண்டியிலிருந்து கூடுதல் இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.