மே மாத வெயிலை ஜனவரிக்குப் புதைத்து வைக்கலாமா?

டெல்லி மயூர் விஹார் சார், கொல்லையில் ஆயிரம் லிட்டர் தொட்டியைப் புதைத்து, மே மாதச் சூட்டை ஜனவரிக் குளியலுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தண்ணீரை 40 டிகிரி கூடுதலாகச் சுடவைத்தாலும் அதில் இருப்பது சுமார் 46 யூனிட் கரண்டுக்குச் சமமான சூடுதான். தீபாவளிக்கு முன்பே மண் குடித்துவிடும். இந்த வித்தைக்குப் பருமன் வேண்டும். கனடாவின் ஓகோடோக்ஸில் 52 வீடுகளுக்காகக் கோடைச் சூட்டை மண்ணில் சேமிக்க 144 துளைகள் போட்டார்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 35 மீட்டர் ஆழம். அந்த மண்ணே நன்றாகச் சூடேறச் சில வருஷம் பிடித்தது.

டெல்லியில் கடுங்குளிர் இரண்டு மாதம். மொட்டைமாடியில் சோலார் ஹீட்டரைத் தெற்கு பார்த்து 43 டிகிரி சாய்த்து வையுங்கள், டிசம்பர் வெயிலே போதும். மூடுபனி நாளில் கீசர். குழாய்க்கு உறை போட்டால் மேலே தகரம் சுற்றுங்கள். எங்கள் வீட்டில் குரங்கு பிய்த்துப் போட்டது.