பேர் தெரியாத பேண்டுக்கு டிக்கெட் எடுக்கலாமா?

கே: சார், கிளாஸ்கோவுல மாஸ்டர்ஸ் படிக்கறேன், ரூம்மேட் கிங் டட்ஸ்னு ஒரு குட்டி இடத்துக்கு இன்டி பேண்ட் (பெரிய மியூசிக் கம்பெனி பின்னணி இல்லாம சொந்தமா வாசிக்கற குழு) பார்க்கக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான், கேள்வியே படாத பேண்டுக்கு எதுக்கு காசு?
– ஒரு வாசகர், கிளாஸ்கோ

ப: போங்க தம்பி! மொத்தமே 300 பேர்தான் நிக்க முடியும், பாடறவன் நெத்தி வேர்வை கூட தெரியும். 1993 மே மாசம் அங்க ஒயாசிஸ்னு யாருக்கும் தெரியாத பசங்க நாலு பாட்டு வாசிச்சாங்க, வேற பேண்டைப் பார்க்க வந்திருந்த கிரியேஷன் ரெக்கார்ட்ஸ்ங்கற மியூசிக் கம்பெனி நடத்தின ஆலன் மெக்கீ அன்னிக்கே காண்ட்ராக்ட் தர்றேன்னுட்டாரு, அப்புறம் அந்தப் பசங்க உலகப் புகழ் பேண்டானது ஊருக்கே தெரியும். அதனால மெயின் பேண்டு வர்ற நேரம் பார்த்துப் போகாதீங்க, முன்னாடி வாசிக்கறவங்களையும் கேளுங்க. மாடிப்படில எந்த வருஷம் யார் வாசிச்சாங்கன்னு எழுதியிருப்பாங்க, நின்னு படிச்சீங்கன்னா பின்னாடி வர்றவன் முறைப்பான், பரவால்ல. ஸ்பீக்கர்கிட்ட மட்டும் நிக்காதீங்க, 100 டெசிபல் சத்தத்துல 15 நிமிஷமே காதுக்கு ஜாஸ்தி. நான் ஒருதடவை வேற ஊர்ல வீம்புக்கு நின்னுட்டு மறுநாள் சாயங்காலம் வரைக்கும் காதுல குக்கர் விசில்! இயர்பிளக் வாங்கி பாக்கெட்ல போட்டுக்கங்க, ரூம்மேட்டுக்கும் சேர்த்து.