அண்ணா தரும் பத்துப் பவுணை வாங்கலாமா?

வணக்கம் தங்கச்சி. லண்டனில் இருக்கிற அண்ணா, அங்குள்ள விலங்கு நலச் சங்கமான ஆர்.எஸ்.பி.சி.ஏ.வுக்கு மாதாமாதம் கட்டும் பத்துப் பவுணை நிறுத்தி, தெருநாய்களுக்கு என்று உங்களுக்கு அனுப்பக் கேட்கிறார், வாங்கலாமா என்று எழுதியிருந்தீர்கள்.

அந்தச் சங்கத்தை நம்பலாமா என்ற அவருடைய சந்தேகம் வெறும் கதை இல்லை. விலங்குகளை நல்லபடி வளர்க்கும் பண்ணை என்று அவர்கள் முத்திரை கொடுக்கும் திட்டம் ஒன்று உண்டு. 2024இல் அந்த முத்திரை பெற்ற பண்ணைகளுக்குள்ளேயே விலங்குகள் வதைபடுவதைக் காட்டும் படங்கள் வெளிவந்தன. சங்கத்தின் தலைவர் கிறிஸ் பேக்கம் அந்த டிசம்பரிலேயே விலகினார். அதற்காக 1824இல் தொடங்கிய அமைப்பின் மீட்பு வேலை எல்லாம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே ஊர்க் கிளைகள் தனித்தனியாகப் பதிந்தவை. தலைமைக்குக் கட்டும் காசு தானாகக் கிளைக்குப் போய்ச் சேராது. விருப்பமென்றால் அண்ணா தன் ஊர்க் கிளைக்கே கொடுக்கலாம். கணக்கு அறிக்கையை, அங்குள்ள தொண்டு அமைப்புகளைக் கண்காணிக்கும் சரிட்டி கொமிஷன் தளத்தில் யாரும் பார்க்கலாம்.

உங்களுக்கு வருவதை வாங்குங்கள். ஆனால் சோற்றுக்கு முதல் கருத்தடைக்குச் செலவழியுங்கள். எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் சோறு வைத்த பெட்டை நாய் மதிலோரம் ஏழு குட்டி போட்டது. மாரி வெள்ளத்தில் நாலு போய்விட்டது. ஈரச் சாக்கில் அவற்றைத் தூக்கியது இன்னும் கைக்குள் நிற்கிறது.

அப்புறம், மிருக வைத்தியரின் பற்றுச்சீட்டையும் விசர்நாய்த் தடுப்பூசி அட்டையையும் படமெடுத்து மாதாமாதம் அண்ணாவுக்கு அனுப்புங்கள், அவர் கேட்காவிட்டாலும்.