ஃப்ரீவேயில் நின்றுவிட்டால் எந்தப் போலீஸ் வரும்? ரெட்மண்டுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டல் பக்கம் இருக்கும் ரெட்மண்டுக்கு வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்றும், 520 என்ற ஃப்ரீவேயில் டயர் பஞ்சராகி, அவசர உதவி எண்ணான 911-ஐக் கூப்பிட்டபோது முதலில் எடுத்தவர் பாதியிலேயே வேறொருவருக்கு மாற்றிவிட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சிட்டி போலீஸ், ஷெரிஃப், ஸ்டேட் பேட்ரோல் என்று மூன்று வகை வண்டிகள் ஓடுகின்றனவே, யார் எந்த இடத்துக்குப் பொறுப்பு என்பது உங்கள் கேள்வி. பல வருடமாக இந்தப் பக்கமே குடியிருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

லைனை மாற்றியதைத் தட்டிக்கழித்ததாக நினைக்காதீர்கள். "இது எங்க ஸ்டேஷன் லிமிட் இல்ல, அங்க போய்ச் சொல்லுங்க" என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சந்தேகம் உடனே வரும். லிமிட் இங்கேயும் உண்டு. ஆனால் அதைக் கண்டுபிடிப்பது போனை எடுப்பவரின் வேலை, உங்களுடையது அல்ல. 911 அழைப்பு முதலில் அந்தந்தப் பகுதியின் மையத்துக்குப் போகும். நீங்கள் ஃப்ரீவேயில் நிற்பது தெரிந்ததும் பெல்வியூவில் இருக்கும் ஸ்டேட் பேட்ரோல் மையத்துக்கு இணைப்பார்கள். துண்டிக்காமல் காத்திருந்து, அங்கே எடுப்பவரிடம் முதலிலிருந்து இன்னொரு முறை சொல்லுங்கள்.

யாருக்கு எந்த இடம் என்றால், ஊருக்குள் இருக்கும் தெருக்கள் அந்த ஊர்ப் போலீஸுக்கு: ரெட்மண்டுக்கு ரெட்மண்ட் போலீஸ், பெல்வியூவுக்கு பெல்வியூ போலீஸ். எந்த நகரத்திலும் சேராத பகுதிகள் கிங் கவுண்டி ஷெரிஃபுக்கு (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி). சமாமிஷ் மாதிரி சில நகரங்கள் சொந்தமாகப் படை வைக்காமல் ஷெரிஃபோடு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. ஐ-5, ஐ-90, ஐ-405, 520 போன்ற ஃப்ரீவேக்கள் பெல்வியூவின் நடுவிலேயே போனாலும் ஸ்டேட் பேட்ரோலின் பொறுப்புதான். மாநில நெடுஞ்சாலை எண் இருந்தாலே ஸ்டேட் பேட்ரோல் என்றும் சொல்லிவிட முடியாது. ரெட்மண்டுக்குள் ஓடும் 202 மாநிலச் சாலை, ஆனால் அங்கே பெரும்பாலும் நகரப் போலீஸைத்தான் பார்ப்பீர்கள். சிக்னல் இல்லாமல், ராம்ப் வழியாக மட்டுமே ஏறி இறங்கும் சாலை என்றால் ஸ்டேட் பேட்ரோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனேகமாகச் சரியாக வரும்.

1921-இல் ஆறு மோட்டார் சைக்கிள்காரர்களோடு தொடங்கிய படை இந்த ஸ்டேட் பேட்ரோல். இன்று வாஷிங்டன் மாநிலத்தை எட்டு டிஸ்ட்ரிக்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம்முடையது இரண்டாவது டிஸ்ட்ரிக்ட். அதற்கு கிங் கவுண்டி ஒன்றுதான் எல்லை, தலைமையிடம் பெல்வியூ. ஒரே கவுண்டிதானா என்று சின்னதாக நினைக்க வேண்டாம். 39 நகரங்கள், 22 லட்சத்துக்கு மேல் மக்கள், மேற்கே கடல் ஓரத்திலிருந்து கிழக்கே காஸ்கேட் மலை முகடு வரை நீளும் நிலம். மலைக்கு அந்தப் பக்கம், வெனாட்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆறாவது டிஸ்ட்ரிக்டுக்கு ஷெலான், டக்ளஸ், கிரான்ட், கிட்டிடாஸ், ஒகனோகன் என்று ஐந்து கவுண்டிகள். அங்கே தூரம் அதிகம், இங்கே நெரிசல் அதிகம்.

டிஸ்ட்ரிக்டின் தலைவர் ஒரு கேப்டன். அவருக்குக் கீழே லெப்டினன்ட்கள், பிறகு பகுதிவாரியாகப் பிரித்த சிறு குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சார்ஜென்ட். ஒரு ஷிப்டில் ஒரு ட்ரூப்பருக்கு, அதாவது ஸ்டேட் பேட்ரோல் காவலருக்கு, நீண்ட சாலைத்துண்டு விழும். சில ஆண்டுகளாகவே ஆள் பற்றாக்குறை. மழை பெய்யும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் வண்டிகள் மோதினால், யாருக்கும் அடிபடாத உங்கள் பஞ்சர் வரிசையில் பின்னால்தான் நிற்கும். அது நியாயமும்கூட. அந்த நேரத்தில் உங்களுக்கு முதலில் உதவ வருவது சாலைத்துறையின் இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் வண்டியாக இருக்கலாம். டயர் மாற்ற உதவுவார்கள், வண்டியை ஓரத்துக்குத் தள்ளிவிடுவார்கள், காசு வாங்க மாட்டார்கள். ஃப்ரீவேயை மறித்த விபத்தை 90 நிமிடத்துக்குள் அகற்ற வேண்டும் என்பது சாலைத்துறையும் ஸ்டேட் பேட்ரோலும் சேர்ந்து வைத்துக்கொண்ட இலக்கு.

இவ்வளவு மெல்லிய வலையில் உதவி சீக்கிரம் வந்து சேர்வது, நீங்கள் நிற்கும் இடத்தை எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. யூனிஃபார்மின் நிறம் தெரியாவிட்டால் ஒன்றும் குறையாது. சாலை எண், எந்தத் திசை, எந்த மைல்போஸ்ட், இந்த மூன்றும் தெரிய வேண்டும். சாலையோரத்தில் சின்னப் பச்சைப் பலகையில் இருக்கும் எண்தான் மைல்போஸ்ட். எக்ஸிட் எண்களும் அந்தக் கணக்குப்படியே ஓடுகின்றன. ஐ-90-இல் 405 சந்திப்பு எக்ஸிட் 10, இஸாக்வாவின் முதல் எக்ஸிட் 15, நார்த் பெண்ட் 31, ஸ்னோக்வால்மி கணவாய் 52. ஆகவே "ஐ-90 ஈஸ்ட்பவுண்ட், எக்ஸிட் 31 தாண்டி ஏழு மைல், வலது ஷோல்டர்" என்று நீங்கள் சொன்னால் அவர்களுக்கு 38 என்று புரிந்துவிடும். "இஸாக்வா பக்கம் எங்கேயோ" என்றால் எதிர்த்திசைக்கு வண்டி போய்விடலாம். நடுவில் கட்டைச் சுவர் இருக்கும் சாலையில், திரும்பி வர அடுத்த எக்ஸிட் வரை ஓட வேண்டும்.

கணவாயைத் தனியாகச் சொல்ல வேண்டும், குளிர்காலத்தில் பனி பார்க்க நம்மவர்கள் எல்லாரும் அங்கேதான் கிளம்புகிறார்கள். 3,022 அடி உயரத்தில் இருக்கும் அந்த உச்சியிலேயே கிங் கவுண்டி முடிந்து கிட்டிடாஸ் தொடங்குகிறது. நம் டிஸ்ட்ரிக்டும் அங்கே முடிகிறது. இறக்கத்தில், கீசலஸ் ஏரிப் பக்கம் சறுக்கி நின்றால் வருவது ஆறாவது டிஸ்ட்ரிக்ட் ட்ரூப்பர். பனியில் சறுக்காமல் இருக்க டயரில் செயின் கட்டாயம் என்று பலகை போட்டிருக்கும்போது, ஆல்-வீல் டிரைவ் வண்டிக்கு விலக்கு இருந்தாலும் செயினை வண்டியில் வைத்திருக்கவாவது வேண்டும். பலகையை மதிக்காமல் போனால் 500 டாலர் வரை அபராதம். ஒரே ஒரு கார் குறுக்கே நின்றாலும் கணவாய் முழுவதும் மூடிவிடும், பின்னால் ஆம்புலன்ஸும் மாட்டிக்கொள்ளும். செயின் இல்லாமல் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

பின்னால் விளக்குகள் சுழல உங்களையே நிறுத்தினால், வலது ஓரத்தில் நிறுத்திவிட்டு உள்ளேயே இருங்கள். நம் ஊர் வழக்கப்படி இறங்கி, பேப்பரை எடுத்துக்கொண்டு அதிகாரியை நோக்கி நடக்கவே கூடாது. கைகள் ஸ்டீயரிங் மேல் இருக்கட்டும். கேட்ட பிறகு லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் மூன்றையும் எடுத்துக் கொடுங்கள். விசா பற்றிய கவலை இருக்கும், தெரியும். குற்ற விசாரணைக்குத் தொடர்பில்லாமல் குடியேற்ற நிலையைக் கேட்கக் கூடாது என்று 2019-இல் இந்த மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் குடித்துவிட்டு ஓட்டிக் கைதானால் கதை வேறு. தீர்ப்பு வரும் முன்பே அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம். சிக்னலில் நிற்கும்போது போனைக் கையில் எடுப்பதும் 2017-இலிருந்து அபராதத்துக்குரிய விதிமீறல்.

போலீஸ் வராமலே முடிந்த விபத்தில் யாருக்காவது காயம், அல்லது ஒருவருடைய பொருளுக்கு 1,000 டாலர் சேதம் என்றால், நான்கு நாளுக்குள் நீங்களே அறிக்கை கொடுக்க வேண்டும். பம்பர் லேசாக நசுங்கினாலே அந்தத் தொகை வந்துவிடும். இங்கே குடியேறிய 30 நாளுக்குள் வாஷிங்டன் லைசென்ஸ் வாங்கியாக வேண்டும் என்பதையும் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்றை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். 2024 மார்ச்சில் மேரிஸ்வில் அருகே ஐ-5 ஷோல்டரில் காரை நிறுத்தியிருந்தபோது, பின்னால் வந்த வண்டி மோதி கிறிஸ்டபர் கேட் என்ற ட்ரூப்பர் இறந்துபோனார். 27 வயது. விளக்கு எரியும் எந்த வண்டி ஓரத்தில் நின்றாலும், போலீஸோ டோ டிரக்கோ, அடுத்த லேனுக்கு நகருங்கள், முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது, மீறினால் அபராதம் இரட்டிப்பு. அதே காரணத்துக்காக, லேன் நடுவில் உங்கள் வண்டி நின்றுபோனால் இறங்கி நிற்காமல் சீட் பெல்ட்டோடு உட்கார்ந்து, ஹசார்ட் விளக்கைப் போட்டு 911-ஐக் கூப்பிடுங்கள். பேச முடியாத நிலையில் கிங் கவுண்டியில் 911-க்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

கோடையில் அப்பா அம்மாவை அழைத்து வரப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது அவர்களுக்கே அவசரம் வரலாம். 911-இல் மொழிபெயர்ப்பாளரை லைனில் சேர்க்கும் வசதி உண்டு. "தமிழ்" என்று மொழியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள். வீட்டு விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, அவர்கள் கையில் இருக்கும் போனுக்குப் பின்னாலேயே ஒட்டிவிடுங்கள்.