கரி படிந்த கார்பெட்டில் இன்று தண்ணீர் படக்கூடாது

தம்பி, வடை சுடும்போது எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்து, மேலே இருந்த கேபினெட்டும் பற்றிக்கொள்ள, எக்ஸ்டிங்குவிஷர் அடித்து அணைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதுவே பெரிய நிம்மதி. ஹால் கார்பெட்டும் சோபாவும் புகைக்கரி படிந்து கிடக்கின்றன, கார்பெட் கழுவும் ஷாம்பு மெஷினை வாடகைக்கு எடுத்து இன்று ராத்திரியே கழுவிவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். இன்று தண்ணீரே படக்கூடாது.

நாம் மொசைக் தரையில் வளர்ந்தவர்கள். அழுக்கென்றால் ஒரு வாளி தண்ணீரை ஊற்றித் தள்ளிவிடத்தான் கை போகும். 2009 ஜனவரியில், அமெரிக்காவில் நியூ ஜெர்சி எடிசனில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டில் பக்கத்து வீடு தீப்பற்றி, புகை எங்கள் வீட்டுக்குள் வந்தபோது நானும் அதைத்தான் செய்தேன். பாத்திரம் தேய்க்கும் சோப்பில் துணியை நனைத்து சோபாவைத் துடைத்தேன். மேலாக உட்கார்ந்திருந்த கரி சாம்பல் நிறக் கறையாக நூலுக்குள் இறங்கியது, கடைசிவரை போகவில்லை. கார்பெட்டில் மெஷின் ஓட்டினோம். அடியில் இருக்கும் பஞ்சு மெத்தை தண்ணீரைக் குடித்துவிட்டது. குளிரில் ஜன்னலும் திறக்க முடியாமல் பூஞ்சை வாடை வந்து, அதற்கான செலவை வீட்டுக்காரர் எங்கள் டெபாசிட்டில் கழித்தார்.

புகைக்கரி வெறும் தூசி இல்லை. அதில் எண்ணெய்ப் பிசுக்கும் அமிலத்தன்மையும் உண்டு. தேய்த்தாலும் நனைத்தாலும் உள்ளே ஏறிவிடும். அதனால் காய்ந்த நிலையிலேயே முடிந்தவரை எடுத்துவிட வேண்டும். நுண்ணிய தூசியையும் பிடித்து வைக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவம் வேண்டும். சாதாரண வேக்குவம் நுண்ணிய கரியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். சுழலும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு, குழாய் முனையை அழுத்தாமல் லேசாக மேலாகப் பிடித்து இழுங்கள். எக்ஸ்டிங்குவிஷர் பவுடரும் ஈரம் பட்டால் உலோகத்தை அரிக்கும், அதையும் இப்படியே எடுங்கள். மாஸ்க், கையுறை கட்டாயம். சோபாவில் மிஞ்சியதை, புகைக்கரிக்கென்றே விற்கும் உலர் ரப்பர் ஸ்பாஞ்சால் ஒரே திசையில் லேசாக இழுத்து எடுக்கலாம். அதற்கப்புறம்தான் ஈரச் சுத்தம். அப்போதும் சோபா மெத்தைக்கு அடியில் தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். ‘டபிள்யூ’ என்றால் தண்ணீர் படலாம், ‘எஸ்’ என்றால் கூடாது, ‘எக்ஸ்’ என்றால் வேக்குவம் மட்டும்தான்.

ஆனால் இதில் எதைத் தொடுவதற்கு முன்பும் ஒவ்வொரு மூலையையும் போட்டோ எடுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் தங்கள் பொருட்களுக்கு எடுக்கும் ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் இருந்தால் இப்போதே கூப்பிடுங்கள். அவர்கள் ஆள் வந்து பார்க்கும்வரை எதையும் தூக்கிப் போடாதீர்கள். தரையோடு ஒட்டிய கார்பெட் வீட்டுக்காரருடையது. அதை நீங்களாகக் கழுவிக் கெடுத்தால் பழி உங்கள் மேல் வரும். சோபா உங்களுடையது, அது உங்கள் இன்ஷூரன்ஸில் வரும். வேறு இடத்தில் தங்கும் செலவையும் பல பாலிசிகள் கொடுக்கும், மறக்காமல் கேளுங்கள். வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். டெபாசிட் போய்விடுமோ என்று பயந்து மறைக்க வேண்டாம், எழுத்தில் இருப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

துப்புரவு கம்பெனியை வைத்தால் இந்தத் துப்புரவுத் தொழிலுக்கென்றே இருக்கும் ஐஐசிஆர்சி அமைப்பின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். வாடையைப் போக்க ஓசோன் வாயு விடும் மெஷின் வைப்பதாகச் சொன்னால், அது ஓடும்போது ஆள், செடி, மீன் தொட்டி எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. கரியை எடுக்காமல் வாசனை ஸ்ப்ரே மட்டும் அடிப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சமையல் தீயில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத மஞ்சள் பிசுக்கு சுவரிலும் திரைச்சீலையிலும் படிந்திருக்கும். சோபாவைச் சுத்தம் செய்தும் வாடை போகவில்லை என்றால் அங்கே தேடுங்கள். ஹீட்டர் ஃபில்டரை மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காற்றுக் குழாய் வழியாகப் படுக்கையறைக்கும் கரி போகும்.

திறந்து கிடந்த அரிசி, பருப்பு, மருந்து எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஒதுக்கி வையுங்கள், யாரும் சாப்பிட வேண்டாம். குழந்தையை இன்று அந்த வீட்டில் படுக்க வைக்காதீர்கள். தங்க இடம் கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், எங்கள் வீட்டில் ஒரு அறை காலியாகத்தான் இருக்கிறது.