'கெட்'டுக்கு பதிலா என்ன போடறது? முதல்ல தமிழ்ல சொல்லிப் பாருங்க

பம்ப், மோட்டார் விக்கற கம்பெனி ஒண்ணுல கஸ்டமர் சர்வீஸ்ல இருக்கற ஒரு தம்பி கேட்டிருக்கார். அவர் எழுதின ஒரு மெயில்ல ஏழு இடத்துல 'கெட்', 'காட்'னு வந்திருக்கு. மேனேஜர் ஏழையும் வட்டம் போட்டு, இது பேச்சு இங்கிலீஷ், மாத்தி எழுதுன்னு திருப்பிட்டார். இவர் நெட்ல சினானிம் லிஸ்ட் ஒண்ணை எடுத்து வெச்சு, "வீ காட் யுவர் மெயில்"ங்கறதை "வீ அக்வயர்ட் யுவர் மெயில்"னு மாத்தியிருக்கார், இப்ப முன்னைவிட அதிகமா திட்டு வாங்கிட்டேன், எந்த இடத்துல எதைப் போடறதுன்னு எப்படி கண்டுபிடிக்கறதுன்னு கேக்கறார்.

தம்பி, தப்பு உங்க மேல இல்லை, அந்த லிஸ்ட் மேல. ரிசீவ், அப்டெயின், அக்வயர், ப்ரொக்யூர், கெயின்னு வரிசையா அடுக்கி வெச்சா எல்லாம் ஒரே எடைன்னு தோணும். நம்ம 'வாங்கு'வையே எடுத்துக்கோங்க. கத்திரிக்கா வாங்கறோம், மார்க் வாங்கறோம், அடி வாங்கறோம், மாடி ஏறினா மூச்சு வாங்குது. கடையில வாங்கறதுக்கு கொள்முதல்னு இன்னொரு வார்த்தை இருக்கேன்னு அடியைக் கொள்முதல் பண்ணினான்னு யாராவது சொல்வாங்களா? உங்க 'அக்வயர்ட் யுவர் மெயில்' இங்கிலீஷ்காரன் காதுல கிட்டத்தட்ட அப்படித்தான் விழும்.

நான் எல்லாருக்கும் சொல்ற வழி ஒண்ணுதான். 'கெட்' வர்ற வரியை முதல்ல வீட்ல பேசற தமிழ்ல சொல்லிப் பாருங்க. இங்கிலீஷ் ஒரே வார்த்தைக்குள்ள அடைச்சு வெச்சிருக்கறதை தமிழ் தனித்தனியாத்தான் சொல்லும், அதனால தமிழ்ல எந்த வினைச்சொல் வருதோ அதுவே உங்களுக்கு கை காட்டிடும்.

இதுல பெரிய பிரிவு கிடைக்கறதுக்கும் வாங்கறதுக்கும் நடுவுல இருக்கு. "எனக்கு மெயில் கிடைச்சுது"ன்னு சொல்றோம், அதுல நீங்க ஒண்ணும் பண்ணலை, அதுவா வந்தது, அதான் 'ரிசீவ்'. "பஞ்சாயத்து ஆபீஸ்க்கு நாலு நடை நடந்து பெர்மிஷன் வாங்கினேன்"னா அதுல உங்க முயற்சி இருக்கு, ஒரு விதிமுறை இருக்கு, அங்க 'அப்டெயின்' வரும். நிறைய மார்க் ஷீட்ல 'மார்க்ஸ் அப்டெயின்ட்'னு போட்டிருக்கறது இதனாலதான், படிச்சு எழுதி வாங்கின மார்க் அது. இந்த ஒரு வித்தியாசம் கைக்கு வந்தாலே ஆபீஸ் மெயில்ல பாதி வேலை முடிஞ்சுது.

'அக்வயர்' அதைவிட கனமான வார்த்தை. ஒண்ணு உங்க உடைமையா ஆகறது, அல்லது கொஞ்சம் கொஞ்சமா உங்களுக்குள்ள சேர்றது. ரோடு போட கவர்மெண்ட் நிலத்தை கையகப்படுத்தறாங்கல்ல, அது அக்வயர், ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கறதும் அதுதான், வருஷக்கணக்கா பழகி வர்ற ஒரு திறமையும் அதுதான். 'ப்ரொக்யூர்' ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ் ஆளுங்களோட வார்த்தை, நெல் கொள்முதல் நிலையத்துல நடக்குதே அந்த மாதிரி வாங்கறது. கெயின் பண்றது வெயிட், அனுபவம், நம்பிக்கை மாதிரி கூடிக்கிட்டே போறதுக்கு. உழைச்சு சம்பாதிக்கறது 'ஏர்ன்', அது சம்பளத்துக்கும் ஆகும் மரியாதைக்கும் ஆகும்.

இப்ப உங்க மெயிலுக்கு வர்றேன், வரி வரியா பார்த்துடலாம்.

முதல் வரி "வீ காட் யுவர் மெயில்", அது 'ரிசீவ்ட்', சொல்லிட்டேன். ரெண்டாவது "தி மோட்டார் இஸ் கெட்டிங் ஹாட்". தமிழ்ல மோட்டார் சூடாகுது, 'ஆகுது' வருதா, அப்ப அது 'பிகம்' குடும்பம். ஆனா 'பிகமிங் ஹாட்'னு எழுதினா யாரோ அளந்து அளந்து பேசற மாதிரி இருக்கும், 'தி மோட்டார் இஸ் ஓவர்ஹீட்டிங்'னு நேரா எழுதுங்க. இந்த 'ஆகுது' வகையில முக்கால்வாசி இடத்துல இங்கிலீஷ்லயே தனி வினைச்சொல் இருக்கும், கெட் டயர்டுக்கு 'டயர்', கெட் வொர்ஸுக்கு 'வொர்ஸன்', அதை முதல்ல தேடுங்க.

"அவர் டெக்னீஷியன் வில் கெட் தேர் பை லெவன்", பதினோரு மணிக்குள்ள வந்து சேர்ந்துடுவார், 'வில் ரீச் யுவர் சைட்' அல்லது 'வில் அரைவ்'. அடுத்து "வீ வில் கெட் தி ஸ்பேர் ஃப்ரம் சென்னை". இதுல நான் கொஞ்சம் நின்னேன், ஏன்னா நீங்க காசு கொடுத்து வாங்கப் போறீங்களா, இல்லை உங்க கம்பெனி குடோன்ல இருந்து எடுத்துட்டு வரப் போறீங்களான்னு அந்த வரி சொல்லவே இல்லை. வாங்கறதுன்னா 'ப்ரொக்யூர்', எடுத்துட்டு வர்றதுன்னா 'ப்ரிங்'. கஸ்டமருக்கு எத்தனை நாள் ஆகும்ங்கறதே அதுல அடங்கியிருக்கு, அதனால இங்க வார்த்தை மாத்தறது அழகுக்காக இல்லை.

"ப்ளீஸ் கெட் இட் செக்ட் பை அன் எலக்ட்ரீசியன்"ங்கறது வேற ரகம். நீங்க செக் பண்ணலை, இன்னொருத்தரை வெச்சு செக் பண்ண வைக்கறீங்க. இந்த 'வைக்கறது'க்கு மெயில்ல 'ஹேவ்' போடுங்க, 'ப்ளீஸ் ஹேவ் இட் செக்ட்'. முடி வெட்டிக்கறது, வண்டி சர்வீஸ் விடறது எல்லாத்துக்கும் இதே அச்சுதான்.

ஆறாவது, "வீ டிட் நாட் கெட் யுவர் செகண்ட் பாயிண்ட்". புரியலை, அதனால 'அண்டர்ஸ்டாண்ட்'. இங்க எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயத்தை சொல்லியே ஆகணும். 'கெட்' வைக்கிங்குகளோட பழைய நார்ஸ் மொழியில இருந்து இங்கிலீஷுக்குள்ள வந்தது, அங்க 'கெட்டா'. இன்னும் பின்னால போனா பிடிக்கறதுன்னு அர்த்தம் வர்ற ஒரு வேர்ல போய் நிக்கும். புரிஞ்சுக்கறதுன்னு அர்த்தமுள்ள 'காம்ப்ரிஹெண்ட்' லத்தீன் வழியா வந்தது, அதுக்கும் அதே வேர்தான். நாமளும் "அவர் சொன்னது எனக்கு பிடிபடலை"ன்னுதானே சொல்றோம்! 'ஃபர்கெட்'டும் அதே குடும்பம்தான், பிடி நழுவிப் போறது.

மேனேஜர் ஏன் வட்டம் போட்டார்ங்கறதுக்கும் இந்த வரலாறுதான் காரணம். 1066ல பிரான்ஸ்ல இருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிச்சதுக்கப்புறம் கோர்ட், நிர்வாகம் எல்லாம் பிரெஞ்சு, லத்தீன் கைக்குப் போயிடுச்சு. ரிசீவ், அப்டெயின், ப்ரொக்யூர் எல்லாம் அந்த வழியா வந்த வார்த்தைங்க, 'கெட்' அடுக்களையிலயும் வயக்காட்டுலயும் புழங்கின வார்த்தை. அதனால ஃபார்மல் மெயில்ல அதைக் குறைக்கறது சரி. போன்ல பேசறப்ப இதை எல்லாம் போட்டு கஷ்டப்படாதீங்க, அங்க 'கெட்'தான் இயல்பு. அமெரிக்கக் கஸ்டமர் மெயில்ல 'ஹேவ் காட்'டுக்கு பதிலா 'ஹேவ் காட்டன்'னு வந்தாலும் தப்புன்னு நினைக்காதீங்க, அவங்க வழக்கம் அது, நீங்க 'காட்'னே எழுதுங்க.

கூடவே ஒண்ணு, நம்ம ஊர்ல 'கெட் டவுன் ஃப்ரம் தி பஸ்'னு சொல்றோம். பஸ், ட்ரெயின் மாதிரி எழுந்து நடக்க முடியற வண்டின்னா 'கெட் ஆஃப்', கார், டாக்ஸின்னா 'கெட் அவுட் ஆஃப்'. நமக்கு எல்லாத்துக்கும் 'இறங்கு' ஒண்ணே போதும்ங்கறதால இது தானா வராது, இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கணும்.

மிச்சம் இருக்கறது ஏழாவது வட்டம், "வீ வில் கெட் பேக் டு யூ பை ஃப்ரைடே". இதை மாத்தாதீங்க. வெளிநாட்டு கம்பெனிங்க கூட தினமும் இப்படித்தான் எழுதறாங்க. இதுக்கு பதிலா நம்ம ஆபீஸ்கள்ல வழக்கமா போடற 'ரிவர்ட்' இருக்கே, வெளிநாட்டுல பல பேருக்கு அது பழைய நிலைக்கே திரும்பிப் போறதுன்னுதான் புரியும், வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வருதுன்னு புரியாது. மேனேஜர் விடாப்பிடியா மாத்தச் சொன்னா 'வில் ரிப்ளை'ன்னு போட்டு அனுப்புங்க.